பாதி உயிராய்க் கிடந்த அணில்: என்ன செய்திருக்க வேண்டும்?

கேள்வி, மார்ச் 3

சாலையில் ஒரு அணில். வண்டி ஏறி இடுப்புக்குக் கீழே நசுங்கிவிட்டது. முன்னங்கால்களால் உடம்பை இழுத்துக்கொண்டு ஓரத்துக்கு வரப் பார்த்தது. பத்து நிமிடம் பக்கத்தில் நின்றேன். ஒரு கல்லை எடுத்தேன், கீழே போட்டேன், மறுபடி எடுத்தேன். கடைசியில் எதுவும் செய்யாமல் போய்விட்டேன். ஒரு வாளித் தண்ணீரில் அமுக்கியிருந்தால் வலியில்லாமல் போயிருக்கும் என்கிறார் நண்பர். அதைச் செய்திருக்க வேண்டுமா? வேறு வழி உண்டா?

மார்ச் 3, இரவு 10.40

வாளியை மறந்துவிடுங்கள். நீரில் அமுக்குவது அமைதியான சாவு என்று யார் கிளப்பிவிட்டார்களோ, அவர் வாளிக்கு வெளியே நின்றவர். உள்ளே இருப்பதற்கு நிமிடக் கணக்கில் முழு நினைவு இருக்கும், மூச்சு முட்டும், கிலி பிடிக்கும். சத்தம் மட்டும் வெளியே கேட்காது. அமெரிக்கக் கால்நடை மருத்துவச் சங்கம் 1963இலிருந்து இதற்கென்றே ஒரு வழிகாட்டியைத் திருத்தித் திருத்தி வெளியிடுகிறது. கூடவே கூடாது என்ற வரிசையில் நீரில் மூழ்கடிப்பதும் இருக்கிறது.

கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: நினைவு எப்போது தப்புகிறது? உயிர் எத்தனை நேரத்தில் போகிறது என்பது அடுத்தது. நினைவு முதலில் போய்விட்டால், பிறகு இதயம் ஐந்து நிமிடம் அடித்தாலும் அந்த விலங்குக்கு அது தெரியாது. நினைவோடு இருக்கும்போதே மூச்சையோ ரத்தத்தையோ நிறுத்தினால், அது எவ்வளவு அமைதியாகத் தெரிந்தாலும் சித்திரவதைதான்.

நான் ஒருமுறை செய்திருக்கிறேன். சன்னல் கண்ணாடியில் மோதி விழுந்த புறா. கழுத்து ஒருபக்கம் சாய்ந்து, வாய் திறந்து, ஒரு சிறகு விரிந்தபடி கிடந்தது. கையில் எடுத்தேன், கழுத்தை முறித்தேன். இரண்டு விநாடி. தயங்கியிருந்தால் பாவம் அது இன்னும் ஒரு மணி நேரம் கிடந்திருக்கும். உங்கள் தவறு கல்லைக் கீழே போட்டதுதான் என்று நினைக்கிறேன்.

மார்ச் 4, காலை

நேற்று எழுதியதில் முக்கியமான ஒன்று விட்டுப்போனது. வெறுங்கையால் தொடாதீர்கள். வலியில் இருக்கும் விலங்குக்கு நீங்கள் உதவ வந்தவர் என்று தெரியாது, கடிக்கும். நாய், பூனை, வௌவால், நரி, எந்தப் பாலூட்டி கடித்தாலும் முதல் வேலை சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவுவது, இரண்டாவது வேலை அன்றைக்கே மருத்துவரிடம் போவது. வெறிநோய் அறிகுறி தெரிந்த பிறகு பிழைத்தவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

இன்னொன்றும் உண்டு. வெறிநோய் சந்தேகம் இருக்கிற விலங்கின் தலையைச் சிதைக்கக் கூடாது. பரிசோதனைக்கு மூளைதான் வேண்டும்.

மார்ச் 4, இரவு

சரி, கடிபடாமல் என்ன செய்யலாம்? ஒரு துண்டு, ஒரு அட்டைப்பெட்டி. துண்டை மேலே போட்டு, அதோடு சேர்த்துத் தூக்கிப் பெட்டியில் வைத்து மூடுங்கள். இருட்டாக, சத்தமில்லாமல், கொஞ்சம் கதகதப்பாக இருந்தால் போதும். தண்ணீர் ஊட்டக் கூடாது. மயக்கத்தில் இருக்கும் வாயில் ஊற்றினால் நுரையீரலுக்குத்தான் போகும். தடவிக்கொடுக்கவும் வேண்டாம். நாய்க்கு அது ஆறுதல், காட்டு விலங்குக்கு அது புலியின் பாதம். மான் மாதிரி விலங்குகள் பிடிபட்ட அதிர்ச்சியிலேயே தசை கெட்டுச் சாவதுண்டு.

அப்புறம் கால்நடை மருத்துவர். அணிலுக்கெல்லாமா என்று கேட்காதீர்கள். சிகிச்சை பார்க்காதவர்கூட ஊசி போட்டு முடித்துக்கொடுக்கலாம். தொலைபேசியில் முதலில் கேட்டுவிட்டுப் போவது நல்லது. காட்டு விலங்கை வைத்திருப்பதற்கும் கொல்வதற்கும் நாட்டுக்கு நாடு சட்டம் வேறு, பெரிய விலங்கு என்றால் மீட்புக் குழுவையோ காவல்துறையையோ கூப்பிடுவதுதான் வழி.

மார்ச் 6

மாத்திரை கொடுத்தால் தூக்கத்திலேயே போய்விடாதா, குளிர்பெட்டியில் வைத்தால் என்ன, சமையல் சோடாவில் வினிகர் ஊற்றி வாயு பிடிப்பது பற்றி என்ன சொல்கிறீர்கள், காரின் புகைக்குழாய்? மொத்தமாகப் பதில் சொல்லிவிடுகிறேன்: வேண்டாம், வேண்டாம், வேண்டாம், வேண்டாம்.

மாத்திரை: நம் வீட்டு மருந்துப்பெட்டியில் இருப்பது எதுவும் விலங்கை நேராகத் தூக்கத்தில் அனுப்பாது. வாந்தி எடுக்கும், பாதி மயங்கும், பல மணி நேரம் இழுக்கும். பாரசிட்டமால் பூனைக்குக் கொடிய விஷம். ரத்தம் ஆக்சிஜனைச் சுமக்கும் திறனை இழந்து ஈறு பழுப்பாகும், முகம் வீங்கும், மூச்சுத் திணறும். ‘வலிக்குக் கொஞ்சம்’ என்று கொடுத்த அரை மாத்திரைகூடப் பூனையைக் கொல்லலாம், அதுவும் மெதுவாக.

சோடா வினிகர்: வருவது கரியமில வாயுதான், மருத்துவர்களும் ஆய்வுக்கூடங்களும் பயன்படுத்துவதும் அதுவே. ஆனால் அவர்கள் உருளையிலிருந்து அளந்து, மெல்லக் கூட்டி விடுகிறார்கள். அப்படியும் எலிகள் அதைவிட்டு ஓடப் பார்க்கின்றன. ஈரமான மூக்குச் சவ்வில் பட்டதும் அந்த வாயு அமிலமாகி எரியும், மூச்சு முட்டும் உணர்வையும் அதுவே தூண்டும். சமையலறையில் யாராலும் அதை அளக்க முடியாது. பெட்டிக்குள் என்ன நடக்கிறது என்பது நுரைக்கிற சத்தத்தில் தெரியாமல் போவதுதான் அதன் ஒரே வசதி.

புகைக்குழாய்: சூடு, எரிச்சலூட்டும் அழுக்கு வாயுக்கள், உங்களுக்கும் ஆபத்து.

குளிர்பெட்டி: உடம்பு மெல்ல உறையும்போது திசுக்களில் பனிப்படிகம் உண்டாகும். ‘அது குளிர் ரத்தப் பிராணிதானே, வலிக்காது’ என்பதை நானும் ஒரு காலத்தில் நம்பினேன். குளிர் எந்த விலங்குக்கும் வழியல்ல.

மார்ச் 7

‘எந்த விலங்குக்கும்’ என்று கை வீசி எழுதினேன், திருத்தம் வந்துவிட்டது. சீப்ரா மீன் போன்ற, 4 சென்டிமீட்டருக்கும் குறைவான வெப்பமண்டல மீன்களுக்கு ஐஸ் போட்டுக் குளிரவைத்த 2 முதல் 4 டிகிரித் தண்ணீர் ஏற்கப்பட்ட முறைதான். உடம்பு அவ்வளவு சின்னதாக இருப்பதால் விநாடிகளில் செயலிழந்துவிடுகிறது. ஆனால் அது தண்ணீர், உறையவைக்கும் பெட்டி அல்ல. தங்கமீனுக்கு அது பொருந்தாது, குளிர்நீரில் வாழ்கிற மீன் அது.

மீனுக்கு வலிக்குமா என்று சிரிக்கிறவர்களுக்கு: வானவில் டிரவுட் மீனின் தலையில் வலியைப் பிடிக்கும் நரம்பு முனைகள் இருப்பதை ஆய்வாளர் லின் ஸ்னெடனும் உடன் பணியாற்றியவர்களும் 2003இல் காட்டினார்கள். உதட்டில் அமிலம் ஏற்றிய மீன்கள் உதட்டைக் கூழாங்கல்லில் தேய்த்தன, இரை எடுப்பதை நிறுத்தின. நண்டு வரைக்கும் இந்தப் பேச்சு வந்தாகிவிட்டது. பிரிட்டன் 2022இல் கொண்டுவந்த விலங்குகளின் உணர்திறன் பற்றிய சட்டத்தில் நண்டு, இறால், கணவாய் எல்லாம் உண்டு.

என் மீன் தொட்டியில் நடந்ததையும் சொல்கிறேன். வயிறு வீங்கிச் செதில் தூக்கிக்கொண்ட ஒரு தங்கமீன், நாலு நாளாகத் தலைகீழாக மிதந்தது. கிராம்பு எண்ணெய் மீனை மயக்கும் என்று படித்துவிட்டுப் பாத்திரத்தில் நேராக ஊற்றினேன். எண்ணெய் தண்ணீரில் கரையாது என்ற அறிவு அந்த நேரத்தில் எங்கே போயிற்று தெரியவில்லை. மேலே மிதந்த எண்ணெய் செவுளில் பட்டு மீன் துள்ளியது. அந்தத் துள்ளல் இன்னும் கண்ணில் நிற்கிறது.

செய்ய வேண்டிய விதம் இது: தொட்டித் தண்ணீரையே கொஞ்சம் சின்ன புட்டியில் எடுத்து, எண்ணெயை விட்டு, பால் மாதிரி வெளுக்கும் வரை குலுக்க வேண்டும். மீன் இருக்கிற பாத்திரத்தில் அதைச் சிறிது சிறிதாகச் சேர்த்தால் முதலில் மீன் சாயும், அப்புறம் அசைவு நிற்கும். பிறகு லிட்டருக்கு ஏறக்குறைய 10 துளி வரும் வரை மீதியையும் சேர்க்க வேண்டும். செவுள் மூடி நின்ற பிறகும் குறைந்தது 10 நிமிடம் அதிலேயே விடுங்கள். நான் அரை மணி விடுகிறேன். மயங்கின மீன் நல்ல தண்ணீரில் எழுந்து நீந்தும், சாவும் மயக்கமும் பார்வைக்கு ஒன்றாகத்தான் இருக்கும்.

மார்ச் 9

‘கரப்பானுக்கும் இந்தக் கரிசனம் உண்டா?’ என்று மனைவி கேட்டாள். செருப்பை விட வேகமான முறை எதுவும் ஆய்விலும் கிடையாது என்றேன். உண்மையில் அது கேலி அல்ல. ஒரே அடியில் மொத்தமும் போய்விடுகிறது. மருந்து அடித்தால்தான் மல்லாந்து அரை மணி காலாட்டுகிறது.

எலியில் நான் யோக்கியன் இல்லை. பசை அட்டையில் ஒட்டின எலியை ஒருமுறை அட்டையோடு மடித்துக் குப்பைத்தொட்டியில் போட்டுவிட்டு வந்து படுத்தேன். இரவு முழுக்க மெல்லிய கீச்சுச் சத்தம். காலையில் நின்றிருந்தது. நான் கொல்லவில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன், பார்க்கவில்லை என்பதைத் தவிர வேறு பொருள் அதற்கு இல்லை.

பசை அட்டையை வாங்காதீர்கள். ஏற்கெனவே ஒட்டிவிட்டதா? மேலே துணி போட்டு, சமையல் எண்ணெயைப் பசையில் விட்டு நனைத்தால் ஒவ்வொரு காலாக விடுபடும். கால் கிழிந்து எலும்பு தெரிந்தால் அட்டையோடு மருத்துவரிடம். இங்கிலாந்தில் பொதுமக்கள் இதைப் பயன்படுத்துவதை 2022இல் சட்டம் போட்டுத் தடுத்தார்கள், 2024 ஜூலைக் கடைசியில் அது நடைமுறைக்கு வந்தது.

எலிக்கு வலிக்கும்போது முகம் எப்படிச் சுருங்குகிறது என்று பார்த்து மதிப்பெண் போடும் அளவுகோலை 2010இல் வெளியிட்டார்கள். கண் இடுங்கும், கன்னமும் மூக்கும் உப்பும், காதும் மீசையும் இடம் மாறும். பிறகு பூனை, முயல், குதிரைக்கெல்லாம் வந்துவிட்டது. இரையாகும் விலங்குகள் வலியைக் காட்டிக்கொள்ளாது, முயல் அசையாமல் ‘சமத்தாக’ இருந்தாலே கவலைப்பட வேண்டும். பூனை சுகத்தில் மட்டுமல்ல, வலியிலும் தொண்டையில் குறுகுறுவென்று சத்தமிடும். அதை நம்பி மோசம் போனவர்கள் நிறைய.

மார்ச் 12

நாயைப் பற்றி எழுத வேண்டாம் என்றிருந்தேன். கேட்டுவிட்டார்கள்.

மணிக்குப் பதினான்கு வயது. மண்ணீரலில் கட்டி, அது கசியத் தொடங்கியிருந்தது. அமெரிக்கக் கால்நடை மருத்துவர் ஆலிஸ் வில்லலோபோஸ் வகுத்த ஒரு அளவுகோல் இருக்கிறது. வலி, பசி, நீர்ச்சத்து, சுத்தம், மகிழ்ச்சி, நடமாட்டம், கெட்ட நாள்களை விட நல்ல நாள்கள் அதிகமா என்ற ஏழுக்கும் தனித்தனியே பத்துக்கு எவ்வளவு என்று மதிப்பெண் போட வேண்டும். கூட்டினால் 35க்கு மேல் வந்தால் வைத்துப் பார்க்கலாம். நான் 38 போட்டேன். மகள் தனியாக ஒரு தாளில் 21 போட்டாள். மகிழ்ச்சிக்கு நான் ஆறு, அவள் இரண்டு. வால் ஆட்டியதே என்றேன். ‘நீங்க வீட்டுக்கு வரும்போது மட்டும்தான்பா ஆட்டுது, ஆட்டி முடிச்சதும் படுத்துடுது’ என்றாள்.

மறுநாள் ஊசி. முதலில் தூக்க மருந்து, அது படுத்தது. முன்னங்காலில் முடி மழித்து நரம்பில் ஊசிக்குழாய் வைத்தார் மருத்துவர். இளஞ்சிவப்பு மருந்து. பாதி ஏறும் முன்பே தலை என் கையில் கனத்தது. அவ்வளவுதான், எனக்கு நிம்மதி.

இரண்டு நிமிடம் கழித்து மணி வாய் திறந்து பெரிதாக ஒரு மூச்சு இழுத்தது. கண்ணும் மூடவில்லை. ‘உயிர் இருக்குது, உயிர் இருக்குது’ என்று நான் போட்ட கூச்சல் வெளியே உட்கார்ந்திருந்தவர்களுக்கெல்லாம் கேட்டிருக்கும். இன்னொரு மூச்சு வந்தது. தோள்தசை துடித்தது. மருத்துவர் நெஞ்சில் குழாய் வைத்துக் கேட்டுவிட்டுத் தலையசைத்தார். முன்கூட்டி யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அந்த மூச்சை எத்தனை இரவு கேட்டிருக்கிறேன்.

மார்ச் 13

நேற்று எழுதியதைப் படித்தால் மணி விழித்துக்கொண்டதுபோல் இருக்கிறது. இல்லை. அந்த மூச்சு மூளைத்தண்டின் கடைசி அனிச்சைச் செயல். நினைவைத் தாங்கும் மேல்மூளை முன்பே அணைந்துவிட்டது. கண் மூடுவதற்குத் தசை வேலை செய்ய வேண்டும், அதனால் திறந்தபடியேதான் இருக்கும். சிறுநீர் போகும், தசை துடிக்கும். நீங்கள் அங்கே நிற்கப் போகிறவராக இருந்தால் இதை முதலிலேயே தெரிந்துகொள்ளுங்கள்.

மருந்தின் பெயர் பென்டோபார்பிட்டால். ஒரு காலத்தில் மனிதர்களின் தூக்க மருந்து, இப்போது கட்டுப்பாட்டில் உள்ளது. வேறு மருந்தோடு குழம்பாமல் இருக்கத்தான் சாயம் சேர்க்கிறார்கள். முதலில் நினைவு, அப்புறம் மூச்சு, கடைசியில் இதயம் என்று சரியான வரிசையில் நிறுத்துவதால்தான் அதற்கு அத்தனை மதிப்பு. வெறும் பொட்டாசியம் குளோரைடும் இதயத்தை நிறுத்தும், ஆனால் நினைவோடு இருக்கும் விலங்குக்குப் போட்டால் கொடுமை.

அந்த மருந்து உடலை விட்டுப் போகாது. மாதக்கணக்கில் இருக்கும். அப்படி இறந்த மாட்டையோ குதிரையையோ வெளியே போட்டு, அதைத் தின்ற கழுகுகள் செத்தது பதிவாகியிருக்கிறது. எரியுங்கள், இல்லையென்றால் ஆழமாகப் புதையுங்கள். நாங்கள் புதைத்தது போதுமான ஆழமா என்று எனக்கு இப்போது சந்தேகம் வந்துவிட்டது.

இன்னொன்று. சின்னப் பையனிடம் ‘மணியைத் தூங்க வைத்துவிட்டோம்’ என்று சொல்லித் தொலைத்தேன். ஒரு வாரம் விளக்கை அணைக்க விடவில்லை.

மார்ச் 15

‘குதிரைக்குக் கால் ஒடிந்தால் ஏன் சுடுகிறார்கள், கட்டுப் போட்டால் என்ன?’

போட்டுப் பார்த்திருக்கிறார்கள். பார்பரோ என்ற பந்தயக் குதிரை 2006இல் கென்டக்கி டெர்பியை வென்றது. இரண்டு வாரம் கழித்து அடுத்த பந்தயத்தில் பின்னங்கால் இருபதுக்கும் மேற்பட்ட துண்டுகளாக நொறுங்கியது. தகடும் திருகாணிகளும் வைத்து எட்டு மாதம் போராடினார்கள். ஒடிந்த கால் தேறிக்கொண்டுதான் வந்தது. மற்ற கால்களின் குளம்புகள் கெட்டன. குதிரை 500 கிலோ, நாள்கணக்கில் படுத்துக் கிடக்க அதன் உடம்பு இடம் கொடுக்காது. ஒரு காலுக்கு ஓய்வு கொடுத்தால் மீதிக் கால்களில் பாரம் ஏறும், குளம்பையும் எலும்பையும் பிணைக்கும் மெல்லிய திசு வீங்கிப் பிய்ந்துபோகும். நகத்தைப் பிய்த்து, அந்த விரலிலேயே நிற்கச் சொல்வது மாதிரி. 2007 ஜனவரி 29 அன்று ஊசி போட்டார்கள்.

நாய்க்குக் கதை வேறு. மூன்று காலில் ஓடுகிற நாய் நாலு காலில் ஓடுவதைவிடக் குறும்பு அதிகம் செய்யும். கால் போனது என்பதால் மட்டும் யாரும் ஊசிக்கு அவசரப்பட வேண்டாம்.

சுடுவது பற்றி ஒரு வரி. பழகின ஆள் சரியான இடத்தில் சுட்டால் அதைவிட வேகமானது கிடையாது. ஆனால் படங்களில் காட்டுவதுபோல இரண்டு கண்ணுக்கு நடுவே அல்ல, மூளை அதற்கு மேலே இருக்கிறது. இது தெரியாதவர் துப்பாக்கியைத் தொடாமல் இருப்பது நல்லது.

மார்ச் 18

கருணைக்கொலை. ஒரே சொல்லில் இரண்டையும் வைத்துவிட்டோம். யூத்தனேசியா என்கிற ஆங்கிலச் சொல்லுக்குக் கிரேக்கத்தில் வெறும் ‘நல்ல சாவு’ என்றுதான் பொருளாம். நம் சொல் கொலையை மறைப்பதில்லை, எனக்கு அது பிடித்திருக்கிறது. மருத்துவரிடம் போனால் மட்டும் யாரும் அந்தச் சொல்லைச் சொல்வதில்லை. ‘ஊசி போட்டுடலாமா?’

இப்படிக் கொல்வது அகிம்சைக்கு விரோதம் என்று எழுதியவருக்கு: 1928இல் காந்தியின் சபர்மதி ஆசிரமத்தில் ஒரு கன்று நோயில் விழுந்தது. புரண்டு படுக்கக்கூட முடியாத வலி. இனி ஆகாது என்று மருத்துவர் கைவிட்டார். உயிரைக் கொடுக்க முடியாதவன் எடுக்கவும் கூடாது என்று ஆசிரமத்திலேயே எதிர்ப்பு வந்தது. காந்தி கேட்டுக்கொண்டார், யோசித்தார், கடைசியில் தன் முன்னாலேயே விஷ ஊசி போடச் சொன்னார். இரண்டு நிமிடத்துக்குள் முடிந்துவிட்டது என்று அவரே யங் இந்தியாவில் எழுதினார். அப்புறம் வசைக் கடிதங்கள் வந்து குவிந்தன.

அதில் எனக்குப் பிடித்த இடம் ஊசி அல்ல. அவசரப்படாமல் மருத்துவரையும் எதிர்த்தவரையும் கேட்டது, முடிக்கும்போது வெளியே போகாமல் அங்கேயே நின்றது.

மார்ச் 24

முதல் நாள் எழுதிய புறாவுக்குத் திரும்புகிறேன். நாலு நாளாக உறுத்துகிறது.

கண்ணாடியில் மோதிய பறவைகளைப் பற்றிப் படித்துக்கொண்டிருந்தேன். மோதினதும் பறவை எப்படி இருக்கும் என்று ஒரு வர்ணனை. வாய் திறந்திருக்கும், தலை சாய்ந்திருக்கும், சிறகு தொங்கலாம், கண் பாதி மூடியிருக்கும், கையில் எடுத்தாலும் திமிறாது. சாகிற பறவைக்கு மட்டுமல்ல, மண்டையில் அடிபட்டு மயங்கின பறவைக்கும் இதே அடையாளம்தான். இருட்டுப் பெட்டியில் வைத்தால் ஒரு மணி, இரண்டு மணி நேரத்தில் எழுந்து பறந்துவிடுவதும் உண்டு.

என் புறாவை நான் எவ்வளவு நேரம் பார்த்தேன்? ஒரு நிமிடம் இருக்குமா? கழுத்து ஒடிந்திருந்தது என்று அன்று தோன்றியது. இன்று நினைத்துப் பார்த்தால் ‘சாய்ந்திருந்தது’ என்றுதான் சொல்ல முடிகிறது. முதல் நாளே அப்படித்தான் எழுதியிருக்கிறேன், கவனித்தீர்களா? ஒடிந்தது என்று எழுதவில்லை.

பறந்து போகிறவற்றிலும் சில உள்காயத்தில் பிறகு செத்துவிடுகின்றன, அதுவும் உண்மை. அதனால் எனக்கு விடுதலை கிடைக்கிறதா? இல்லை. அந்த இரண்டு விநாடி வேகத்தைப் பெருமையாக எழுதினேன். அந்த வேகம் யாருக்கு வேண்டியிருந்தது என்று இப்போது சரியாகச் சொல்லத் தெரியவில்லை. அது கிடந்த கோலத்தை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. கல்லைக் கீழே போட்டவரிடம் ‘உங்கள் தவறு’ என்றேனே, அதைத் திரும்பப் பெறுகிறேன்.

ஏப்ரல் 2

அணிலுக்கு இன்னும் நேர்ப் பதில் சொல்லவில்லை என்று நினைவூட்டுகிறார்கள்.

அந்த அணில் புறா அல்ல. இடுப்புக்குக் கீழே நசுங்கினது பிழைக்காது. மருத்துவர் பத்து நிமிடத் தொலைவில் இருந்தால் துண்டு, பெட்டி, மருத்துவர். யாரும் எட்டாத இடம் என்றால் அந்த அளவுள்ள விலங்குக்கு ஏற்கப்பட்ட முறை ஒன்று இருக்கிறது: தலையில் ஒரே பலத்த அடி. கடினமான தரை, தலைக்கு மேல் துணி, தலை முழுவதையும் மூடுகிற கனமான தட்டைப் பொருள். அணில், எலி, சின்னப் பறவை அளவுக்குத்தான் இது. மண்டையோடு மெல்லியதாக இருப்பதால் வலி எட்டும் முன்பே மூளை போய்விடும். நாய்க்கோ பூனைக்கோ இது பொருந்தவே பொருந்தாது. ஊர்வனவற்றுக்குத் தலையை வெட்டினால்கூடப் போதாது, ஆக்சிஜன் இல்லாமலும் அவற்றின் மூளை நெடுநேரம் தாக்குப்பிடிக்கும்.

முடிந்ததா என்று பார்க்க: மூச்சு இல்லை, நெஞ்சில் துடிப்பு இல்லை, கண்மணியை மெல்லத் தொட்டால் இமை அசைவதில்லை. ஐந்து நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள்.

கை நடுங்கினால் செய்யாதீர்கள். பாதி அடிதான் இருப்பதிலேயே மோசமானது. கல்லை இரண்டு முறை எடுத்து வைத்த கை அன்றைக்கு அதைச் சரியாகச் செய்திருக்காது. விலகியது கோழைத்தனம் என்று நான் நினைக்கவில்லை. போகும் முன் அதன் மேல் ஒரு துணி போட்டிருந்தால் கொஞ்சம் இருட்டாவது கிடைத்திருக்கும்.

ஏப்ரல் 11

அதே சன்னல். இந்தமுறை மைனா. காலை 8.10க்கு டப்பென்று சத்தம். வாய் திறந்து, தலை சாய்ந்து, அதே கோலம்.

செருப்புப் பெட்டியில் துணி விரித்து வைத்து மூடினேன். 8.40க்கு உள்ளே சலசலப்பு. திறந்து பார்க்கக் கை துறுதுறுத்தது, திறக்கவில்லை. 9.15க்குச் சத்தம் இல்லை. 9.50க்கு வெளியே கொண்டுபோய்த் திறந்தேன். இறந்திருந்தது. உடம்பில் சூடு இருந்தது. மூக்கில் ஒரு துளி ரத்தம்.

சலசலப்பு எழுந்து நிற்கப் பார்த்ததா, சாகும்போது வந்த வலிப்பா, தெரியாது. புறாவுக்குச் செய்ததை இதற்குச் செய்திருந்தால் 8.12க்கு முடிந்திருக்கும். அடுத்த முறையும் பெட்டியில்தான் வைப்பேன் என்று நினைக்கிறேன். ஒரு மணி நேரத்துக்கு மேல் எழாவிட்டால் மருத்துவர்.

ஏப்ரல் 13

‘அந்தக் கண்ணாடியை என்ன செய்தீர்கள்?’ என்று ஒருவர் கேட்டிருக்கிறார். இத்தனை நாள் பறவையைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தேன், கண்ணாடி நினைவுக்கே வரவில்லை.

அமெரிக்காவில் மட்டும் கட்டடக் கண்ணாடியில் மோதிச் சாகும் பறவைகள் ஆண்டுக்கு 36.5 கோடியிலிருந்து 98.8 கோடி வரை என்று 2014இல் ஒரு மதிப்பீடு வந்தது. பறவைக்குக் கண்ணாடி தெரியாது, அதில் தெரியும் மரம்தான் தெரியும். ஒற்றைப் பருந்துப் படம் ஒட்டினால் அதைச் சுற்றிக்கொண்டு மோதும். கண்ணாடியின் வெளிப்புறத்தில் 5 சென்டிமீட்டருக்கு ஒரு புள்ளி, மேலும் கீழும் பக்கவாட்டிலும், எந்த இடமும் விட்டுப்போகாமல் கண்ணாடி முழுக்க ஒட்ட வேண்டும்.

ஏப்ரல் 19

என் சன்னல் அகலம் 150 சென்டிமீட்டர், உயரம் 120. 31 வரிசை, 25 நிரை, 775 புள்ளி. மகள் அளவுகோலால் குறிக்கிறாள், நான் ஒட்டுகிறேன். இன்று ஏழு வரிசை முடிந்தது. நாலாவது வரிசை கோணலாகப் போய்விட்டது. பிய்க்கச் சொல்கிறாள். பறவைக்குக் கோணல் தெரியாது என்றேன், ‘எனக்குத் தெரியுதே’ என்கிறாள்.